மயஸ்தீனியா கிராவிஸ்

மயஸ்தீனியா கிராவிஸ் என்பது உடலின் இயக்கு தசைகளை வலுவிழக்கச் செய்யும் ஒரு நாட்பட்ட தன்னுடல் தாக்கு நோய் ஆகும். கிருமிகளை எதிர்த்துப் போராட வேண்டிய நோயெதிர்ப்பு முறைமை, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தவறாகத் தாக்குவதனால் இந்நோய் உண்டாகின்றது. தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்த வலு குறைந்துகொண்டே போவதும், ஓய்வெடுத்தால் வலு மீண்டும் திரும்புவதும் இதன் தனி அடையாளம் ஆகும். காலையில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு மாலையில் கண்ணிமை சரிந்து விடலாம்; உணவின் முதற் கவளத்தை எளிதாக மென்றவர் கடைசிக் கவளத்தை விழுங்க முடியாமல் திணறலாம்.

இது தொற்று நோய் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நேரடியாகக் கடத்தப்படும் பரம்பரை நோயும் அன்று. தசைநார்கள் சிறிது சிறிதாக அழியும் தசைச் சிதைவு நோயிலிருந்து இது முற்றிலும் வேறானது. மயஸ்தீனியாவில் தசை பெரும்பாலும் கெடாமலே இருக்கின்றது. அதற்கு வந்து சேர வேண்டிய கட்டளைதான் முழுமையாக வந்து சேர்வதில்லை. எனவே உரிய மருத்துவத்தினால் பெரும்பாலானோர் இயல்பான அல்லது இயல்புக்கு நெருக்கமான வாழ்க்கையை வாழ முடிகின்றது.

பெயர்

கிரேக்க மொழியில் தசையைக் குறிக்கும் சொல்லும் வலுவின்மையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து மயஸ்தீனியா என்றாயின. கிராவிஸ் என்பது கடுமையான என்னும் பொருள்படும் இலத்தீன் சொல். மருந்து இல்லாத காலத்தில் நோயாளிகளில் பெரும் பகுதியினர் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்தமையால் இந்த அடைமொழி பொருத்தமாக இருந்தது. இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இயல்பான தசை இயக்கம்

நோயைப் புரிந்துகொள்ள, கை ஒன்றை உயர்த்தும்போது என்ன நடைபெறுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூளையில் தோன்றும் கட்டளை நரம்பின் வழியே மின் துடிப்பாகப் பயணம் செய்கின்றது. ஆனால் நரம்பின் முனை தசையுடன் ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உள்ளது. இவ்விடம் நரம்புத்தசைச் சந்தி எனப்படும்.

மின் துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும், அங்கே சிறு பைகளில் சேமிக்கப்பட்டுள்ள அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் இடைவெளிக்குள் வெளிவிடப்படுகின்றது. அது மறுபுறத்தில் தசையின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளைச் சென்று பற்றுகின்றது. போதிய எண்ணிக்கையில் ஏற்பிகள் தூண்டப்பட்டால் தசை சுருங்குகின்றது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை, அசிட்டைல்கோலின் எஸ்ட்டரேஸ் என்னும் நொதி உடனுக்குடன் சிதைத்துவிடுகின்றது. இவையனைத்தும் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகின்றன.

ஒரே தசைக்குத் தொடர்ந்து கட்டளைகள் வரும்போது, ஒவ்வொரு தடவையும் வெளிவரும் அசிட்டைல்கோலினின் அளவு சிறிது குறைவது இயற்கை. நலமான உடலில் தேவைக்கு மிகுதியான ஏற்பிகள் இருப்பதால் இந்தக் குறைவு வெளியே தெரிவதில்லை.

நோய் உண்டாகும் விதம்

மயஸ்தீனியாவில் உடல் தன் சொந்த ஏற்பிகளுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. இவை மூன்று வழிகளில் தீங்கு செய்கின்றன.

* அசிட்டைல்கோலின் பற்ற வேண்டிய இடத்தை மறைத்துக்கொள்கின்றன.
* ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து, தசை அவற்றை வழக்கத்தினும் விரைவாக உள்ளிழுத்து அழிக்கும்படி செய்கின்றன.
* குருதியிலுள்ள நிரப்புப் புரதங்களைத் தூண்டி, தசைப் பரப்பின் அந்தப் பகுதியையே சிதைக்கின்றன.

இவ்வாறு ஏற்பிகள் குறைந்துவிடுவதால் மிகுதியாக இருந்த இருப்பு இல்லாமற் போகின்றது. முதல் சில கட்டளைகள் எப்படியோ நிறைவேறிவிடுகின்றன. பின்னர் அசிட்டைல்கோலின் வரத்து இயற்கையாகக் குறையும்போது தசைநார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளையைத் தவறவிடுகின்றன. சற்று ஓய்வளித்தால் நரம்பு முனையில் சேமிப்பு மீண்டும் நிரம்பி வலு திரும்புகின்றது. மின்சாரமும் உண்டு, விளக்கிலும் பழுதில்லை, இணைப்பில் மட்டும் பழுது என்று இதனை எளிமையாகக் கூறலாம்.

உடல் முழுவதும் நோய் பரவியவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்படுகின்றது. எஞ்சியவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஏற்பிகளை ஓரிடத்தில் நிலைநிறுத்தும் மஸ்க் என்னும் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி உள்ளது. இது 2001 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எல்ஆர்பி4 என்னும் மற்றொரு புரதத்துக்கு எதிரானது 2011 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இவற்றுள் எதுவும் காணப்படாத நோயாளிகளும் உண்டு.

மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பிக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நோயெதிர்ப்பு உயிரணுக்களைப் பயிற்றுவிக்கும் இச்சுரப்பி, இயல்பாக வயது ஏற ஏறச் சுருங்கிவிட வேண்டும். மயஸ்தீனியா நோயாளர் பலரிடம் இது பருத்தே காணப்படுகின்றது. 10 முதல் 15 விழுக்காட்டினரிடம் தைமோமா எனப்படும் கட்டி இருக்கின்றது.

அறிகுறிகள்

பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்ணில்தான் தொடங்குகின்றது.

* ஒரு கண் அல்லது இரு கண்களின் மேலிமை சரிதல். பெரும்பாலும் ஒரு புறம் கூடுதலாக இருக்கும். நாளுக்கு நாள் மாறவும் கூடும்.
* பொருள்கள் இரண்டாகத் தெரிதல். ஒரு கண்ணை மூடினால் இது மறைந்துவிடும்.
* மெல்லுதலிலும் விழுங்குதலிலும் சிரமம். நீர் மூக்கின் வழியே வெளிவருதலும் உண்டு.
* பேசப் பேசக் குரல் தேய்ந்து மூக்கால் பேசுவது போலாதல்.
* முகத்தசை தளர்ந்து, சிரித்தாலும் சிரிப்பது போல் தோன்றாமை.
* தலையை நிமிர்த்திப் பிடிக்க இயலாமை.
* தலை வாரவும், துணி காயப்போடவும், மாடிப்படி ஏறவும், தரையிலிருந்து எழவும் இயலாமை.
* மூச்சு வாங்குதல்.

தொடு உணர்ச்சி கெடுவதில்லை; மரத்துப்போதலும் வலியும் இந்நோயின் அடையாளங்கள் அல்ல. நினைவாற்றலும் அறிவுத்திறனும் பாதிக்கப்படுவதில்லை. இதயத் தசையையும் குடல் தசையையும் இந்நோய் பொதுவாகத் தாக்குவதில்லை.

சிலருக்கு நோய் கண்ணளவிலேயே நின்றுவிடுகின்றது. ஆயினும் கண்ணில் தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பிற தசைகளுக்கும் பரவுவதால், அக்காலத்தில் தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படுகின்றது.

பரவல்

இது அரிதான நோய்களுள் ஒன்று. உலகளவில் 10 இலட்சம் பேரில் சுமார் 150 முதல் 250 பேருக்கு இந்நோய் இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. எந்த வயதிலும் எவருக்கும் வரலாம். எனினும் 40 வயதுக்குட்பட்ட பெண்களிடமும், 60 வயதைக் கடந்த ஆண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகின்றது. தைராய்டு நோய், முடக்குவாதம் முதலிய பிற தன்னுடல் தாக்கு நோய்கள் சிலருக்குச் சேர்ந்து வருவதும் உண்டு.

வரலாறு

1672 ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட நேரம் பேசினால் பேச்சு முற்றாக நின்றுபோய், சில மணி நேர ஓய்வுக்குப் பின் மீண்டும் பேசத் தொடங்கும் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். இதுவே இந்நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு எனக் கருதப்படுகின்றது. ஜெர்மனியின் வில்கெல்ம் எர்ப் 1879 இலும், வார்சாவின் சாமுவேல் கோல்ட்பிளாம் 1893 இலும் நோயை விரிவாக விவரித்தனர். 1895 ஆம் ஆண்டு பெர்லினைச் சேர்ந்த பிரீட்ரிக் யோலி இன்றைய பெயரை வழங்கினார். நரம்பை மீண்டும் மீண்டும் மின்னால் தூண்டினால் தசையின் எதிர்வினை படிப்படியாகக் குறைவதையும் அவர் காட்டினார்.

1934 ஆம் ஆண்டு இலண்டனின் கிரீனிச்சு பகுதியிலிருந்த ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் மருத்துவர், இந்நோயின் அறிகுறிகள் குராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கவனித்தார். குராரேவுக்கு மாற்றாகப் பயன்பட்ட பைசோஸ்டிக்மின் மருந்தைத் தம் நோயாளிக்குச் செலுத்தியபோது சரிந்த கண்ணிமை சிறிது நேரத்தில் உயர்ந்தது. இன்றும் முதல் மருந்தாக வழங்கப்படும் பைரிடோஸ்டிக்மின் இதே வகையைச் சேர்ந்தது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளலாக் 1936 ஆம் ஆண்டு ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார். அதன்பின் அவரது தசை வலு மேம்பட்டது. 1960 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஜான் சிம்சன் இது தன்னுடல் தாக்கு நோயாக இருக்கலாம் என்னும் கருதுகோளை முன்வைத்தார். அது 1973 ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டில் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் மின் விலாங்கு மீனிலிருந்து பிரித்தெடுத்த ஏற்பிப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினர். முயல்கள் அப்புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்கின. அவற்றின் தசைகளும் தளர்ந்தன. அதே ஆண்டில் பாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினர்.

இந்தியாவில் இந்நோயின் பெயரைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் இந்தி நடிகர் அமிதாப் பச்சன் ஆவார். 1982 ஆம் ஆண்டு கூலி திரைப்படத்தின் படப்பிடிப்பில் படுகாயமுற்று மீண்ட அவருக்கு, 1984 ஆம் ஆண்டளவில் மயஸ்தீனியா இருப்பது கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் அவர் பல பத்தாண்டுகள் நடித்துவருவது, இந்நோயுடன் வாழ முடியும் என்பதற்கு அனைவரும் அறிந்த சான்றாகும்.

மன்னார் வளைகுடாவும் நரம்புத்தசைச் சந்தியும்

நரம்புத்தசைச் சந்தி பற்றிய அறிவு பெரும்பாலும் விலங்குகளிடமிருந்து பெறப்பட்டதாகும். அத்தகைய விலங்குகளின் உறவினங்கள் தூத்துக்குடிக் கடற்கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றன. ஆகவே இந்நோயைப் புரிந்துகொள்ள இப்பகுதி மாணவர்களுக்கு அருகிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன.

மின் திருக்கை: தொட்டவரின் கையை அதிரச் செய்யும் திருக்கை வகைகள் இந்தியக் கடல்களில் வாழ்கின்றன. இவற்றுள் ஒன்றான நார்சினே டிம்லெய் என்னும் இனம், தரங்கம்பாடியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1801 ஆம் ஆண்டு அறிவியலில் பதிவு செய்யப்பட்டது. மின் திருக்கையின் மின்னுறுப்பு உண்மையில் உருமாறிய தசையே ஆகும். சுருங்கும் திறனை இழந்த அத்தசையில் நரம்பு முனைகளும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளும் அடர்ந்து குவிந்துள்ளன. மனிதத் தசையில் மிகச் சிறிய அளவிலேயே கிடைக்கும் ஏற்பியை, இம்மீனிலிருந்து ஆய்வுக்குப் போதுமான அளவில் பிரித்தெடுக்கலாம். அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் டார்ப்பீடோ என்னும் மின் திருக்கையே ஏற்பியின் அமைப்பை அறியப் பெரிதும் பயன்பட்டது.

கட்டுவிரியன்: ஏற்பிகளை எண்ணுவதற்கு, அவற்றை இறுகப் பற்றி விடாதிருக்கும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. தைவானைச் சேர்ந்த சாங், லீ ஆகிய ஆய்வாளர்கள் 1963 ஆம் ஆண்டு அந்நாட்டுக் கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து ஆல்பா பங்காரோடாக்சின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இதைக் கொண்டே 1973 ஆம் ஆண்டு நோயாளிகளின் ஏற்பிகள் எண்ணப்பட்டன. தமிழகத்தின் வயல்களிலும் குடிசைகளிலும் காணப்படும் கட்டுவிரியன் இதே பேரினத்தைச் சேர்ந்தது.

கடற்பாம்பும் கூம்புச் சங்கும்: மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கும் கடற்பாம்புகளின் நஞ்சிலும், கோனஸ் எனப்படும் கூம்பு வடிவச் சங்குகளின் நஞ்சிலும் இதே ஏற்பியை அடைக்கும் பொருள்கள் உள்ளன. அழகுக்காகச் சேகரிக்கப்படும் கூம்புச் சங்குகளை உயிருடன் கையில் எடுப்பது ஆபத்தானது.

ஏற்பியை நஞ்சு அடைத்தாலும், உடலின் சொந்தப் பிறபொருளெதிரி அழித்தாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றுபோலவே இருக்கின்றது. முதலில் கண்ணிமை சரிகின்றது. பின்னர் விழுங்குதல் தடைப்படுகின்றது. முடிவில் மூச்சு நிற்கின்றது.

நோயறிதல்

நோயாளி கூறும் வரலாறே முதன்மையான தடயம் ஆகும். வலு நாள் முழுவதும் ஒரே அளவில் உள்ளதா அல்லது மாறுகின்றதா என்று கேட்டறிதல் வேண்டும். மருத்துவரைக் காலை வேளையில் பார்க்கும்போது அறிகுறி எதுவும் இல்லாமலிருக்கலாம். எனவே மாலையில் இமை சரிந்திருக்கும்போது எடுத்த ஒளிப்படம் அல்லது குறும் நிகழ்படம் பெரிதும் உதவும்.

* மேல்நோக்குச் சோதனை: ஓரிரு நிமிடம் தொடர்ந்து மேலே பார்க்கச் செய்தால் இமை மெல்லச் சரியும்.
* பனிக்கட்டிச் சோதனை: சரிந்த இமையின்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்தால் இமை உயரும். குளிர்ச்சியில் நொதியின் வேகம் குறைந்து அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் நிலைப்பது இதற்கு ஒரு காரணம்.
* நியோஸ்டிக்மின் சோதனை: மருத்துவமனையில், அட்ரோபின் மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு செய்யப்படுவது.
* தொடர் நரம்புத் தூண்டல்: நொடிக்கு 2 அல்லது 3 முறை நரம்பைத் தூண்டும்போது தசையின் எதிர்வினை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் நோயைச் சுட்டும். தனித் தசைநார் மின்பதிவு இதனினும் நுட்பமானது.
* குருதிச் சோதனை: ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பின் நோய் ஏறத்தாழ உறுதியாகும். இல்லையென்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது.
* மார்பு சி.டி. அலகீடு: நோய் உறுதியான அனைவருக்கும் தைமஸ் கட்டி உள்ளதா என்று பார்க்கப்படுகின்றது.

ஒத்த அறிகுறி கொண்ட பிற நிலைகள்

இரவில் தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியுடன் கண்ணிமை சரிந்து எழுந்தால், வேறெதையும் எண்ணுமுன் கட்டுவிரியன் கடியை எண்ணுதல் வேண்டும். கடிவாய் கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். மயஸ்தீனியா வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் வளர்வது. பாம்புக்கடியின் விளைவு சில மணி நேரத்தில் உண்டாவது. இந்தியாவில் தயாரிக்கப்படும் பல்பாம்பு நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிரானது. கடற்பாம்பின் நஞ்சுக்கு எதிராக அது தயாரிக்கப்படவில்லை. எனவே வலையெடுக்கும்போது கடற்பாம்பு கடித்தவரை மூச்சுக்கருவி உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுதல் முதன்மையானது.

பக்கவாதம், கில்லன் பாரே நோய், கெட்டுப்போன உணவினால் உண்டாகும் பொட்டுலிசம், லாம்பர்ட் ஈட்டன் நோய், தைராய்டு கண் நோய் ஆகியவையும் வேறுபடுத்திப் பார்க்கப்பட வேண்டியவை.

மருத்துவம்

இந்நோயை வேரோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் கட்டுப்படுத்தும் வழிகள் பல உள்ளன.

* பைரிடோஸ்டிக்மின்: அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இருக்கும் ஏற்பிகளுக்குக் கூடுதல் வாய்ப்பளிக்கின்றது. இதன் விளைவு 3 முதல் 4 மணி நேரம் நீடிக்கும். உணவுக்கு அரை மணி முன்னர் உட்கொண்டால் மெல்லவும் விழுங்கவும் எளிதாகும். வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, எச்சில் மிகுதல் ஆகியன பக்க விளைவுகள். பூச்சிக்கொல்லி நஞ்சுகள் பலவும் இதே நொதியையே தடுக்கின்றன. ஆகவே இம்மாத்திரை அளவு மீறினால் பூச்சிக்கொல்லி நஞ்சேறியது போன்ற அறிகுறிகளும் தசைத் தளர்வும் ஏற்படும்.
* ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் நோயெதிர்ப்பை அடக்குகின்றது. தொடக்கத்தில் பெரிய அளவில் கொடுத்தால் சிலருக்குச் சில நாட்கள் வலு மேலும் குறையலாம். நீண்டகாலப் பயன்பாட்டில் நீரிழிவு, எலும்புத் தேய்வு முதலியவை வரக்கூடும். திடீரென்று நிறுத்துதல் கூடாது.
* பிற நோயெதிர்ப்பு அடக்கிகள்: அசத்தியோபிரின், மைக்கோபினோலேட் முதலியன. இவற்றின் முழுப் பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும். மஸ்க் வகை நோயாளருக்கு ரிட்டுக்சிமாப் நன்கு பயன்படுகின்றது.
* குருதிநீர் மாற்றமும் இம்யூனோகுளோபுலின் ஊசியும்: பிறபொருளெதிரிகளின் தாக்கத்தை விரைவாகக் குறைப்பவை. பலன் சில வாரங்களே நீடிப்பதால் நெருக்கடியின்போதும் அறுவைக்கு முன்னும் பயன்படுகின்றன.
* தைமஸ் அகற்றல்: கட்டி இருப்பின் அகற்றப்படுகின்றது. கட்டி இல்லாத, ஏற்பிப் பிறபொருளெதிரி உள்ள நோயாளர் 126 பேரிடம் நடத்தப்பட்டு 2016 ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலு மேம்பட்டதையும் ஸ்டீராய்டு தேவை குறைந்ததையும் நிறுவியது.
* புதிய மருந்துகள்: நிரப்புப் புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப் 2017 இலும், பிறபொருளெதிரிகளை விரைந்து வெளியேற்றும் எப்கார்டிகிமாட் 2021 இலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன. இவற்றின் விலை மிக அதிகம்.

மயஸ்தீனியா நெருக்கடி

மூச்சுத் தசைகள் போதிய அளவு இயங்காமல் மூச்சுக்கருவியின் உதவி தேவைப்படும் நிலை மயஸ்தீனியா நெருக்கடி எனப்படும். சளிக் காய்ச்சல் முதலிய தொற்றுகள், அறுவை, மருந்தை நிறுத்துதல், ஒவ்வாத மருந்துகள் ஆகியன இதனைத் தூண்டும். மார்பு தளர்வதால் நோயாளி பலமாக மூச்சிரைக்க மாட்டார். பார்ப்பவருக்கு அமைதியாக இருப்பது போலத் தோன்றுவதே இதன் ஆபத்து.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மூச்சை நன்றாக உள்ளிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்ல வேண்டும். நலமானவர் 40 அல்லது 50 வரை எண்ணுவார். 20 ஐ எட்ட முடியாவிட்டாலும், நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், எச்சிலை விழுங்க முடியாவிட்டாலும் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

கவனத்துடன் பயன்படுத்த வேண்டிய மருந்துகள்

பிறருக்குத் தீங்கற்ற சில பொதுவான மருந்துகள் இந்நோயாளருக்கு வலுவைத் திடீரெனக் குறைக்கக்கூடும்.

* ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள்
* சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின்
* அசித்ரோமைசின், எரித்ரோமைசின்
* மக்னீசியம் ஊசி
* புரோப்ரனலால் முதலிய பீட்டா தடுப்பிகள்
* குயினைன், குளோரோகுயின்
* பொட்டுலினம் ஊசி
* மயக்க மருந்துடன் தரப்படும் தசைத் தளர்த்திகள்

இவற்றுட் சில, வேறு வழியில்லாதபோது மருத்துவமனைக் கண்காணிப்பில் வழங்கப்படுவதும் உண்டு. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உட்கொள்ளும் வழக்கம் இந்நோயாளருக்கு உயிராபத்தாக முடியலாம். நோயின் பெயரையும் மேற்கண்ட மருந்துகளையும் எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் உடன் வைத்திருத்தல் நலம்.

மகப்பேறு

நோயுள்ள பெண்கள் மருத்துவக் கண்காணிப்புடன் கருத்தரித்து நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர். மைக்கோபினோலேட் முதலிய சில மருந்துகள் கருவுக்குத் தீங்கானவை என்பதால் முன்கூட்டியே மாற்றப்பட வேண்டும். தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியே செல்வதனால் 10 முதல் 20 விழுக்காட்டுக் குழந்தைகள் பிறந்தவுடன் பால் குடிக்கவும் அழவும் வலுவின்றி இருக்கலாம். இது சில வாரங்களில் தானாக மறைந்துவிடும்.

தொழிலும் அன்றாட வாழ்வும்

வெப்பம் நரம்புத்தசைச் சந்தியின் குறையை மிகுவிக்கின்றது. திறந்த வெயிலில் உப்பு வாரும் உப்பளத் தொழிலாளருக்கும், கட்டுமரத்திலும் விசைப்படகிலும் செல்லும் மீனவருக்கும், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குவோருக்கும் இது முக்கியமான செய்தி ஆகும். கடினமான வேலையைக் காலையில் முடித்தல், நடுப்பகலில் நிழலில் ஓய்வெடுத்தல், மாத்திரை நேரத்தை வேலை நேரத்துடன் பொருத்திக்கொள்ளுதல் ஆகியன உதவும்.

தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் 1961 ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய அளவில் நடைபெறவில்லை எனினும், சங்கு குளித்தல் தொடர்கின்றது. மூச்சுத் தசைகளையும், வாயை இறுக மூடும் முகத் தசைகளையும் முழுமையாக நம்பியிருக்கும் இத்தொழில் இந்நோயாளருக்கு ஏற்றதன்று. நீரினடியில் தசை தளர்ந்தால் ஓய்வெடுத்து மீள வாய்ப்பில்லை. பொருள்கள் இரண்டாகத் தெரியும் காலத்தில் வண்டி ஓட்டுதலும் தவிர்க்கப்பட வேண்டும்.

சமூகப் புரிதல்

இந்நோயாளர் எதிர்கொள்ளும் பெரிய இடர்களுள் ஒன்று, நோய் இருப்பதைப் பிறர் நம்பாமை ஆகும். காலையில் குடம் சுமந்தவர் மாலையில் குவளையைத் தூக்க முடியவில்லை என்று சொன்னால், அதனைச் சோம்பல் என்றோ மனக்குறை என்றோ குடும்பத்தினர் எண்ணிவிடுகின்றனர். சரிந்த இமையைத் தூக்கக் கலக்கம் அல்லது குடிப்பழக்கத்தின் அடையாளம் என்று வேலையிடத்தில் கருதுவதும் உண்டு. முதியோரிடம் இது மூப்பின் தளர்ச்சியாகக் கொள்ளப்படுகின்றது. இதனால் நோயறிதல் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கூடத் தள்ளிப்போகின்றது.

இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இந்நோய் பெயர் சுட்டப்படவில்லை. எனினும் நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்னும் பிரிவு அதில் உண்டு.

கூடிக் குறையும் தன்மையே இந்நோயின் இலக்கணம் ஆகும். ஒருவர் சற்று முன்னர் செய்த வேலையை இப்போது செய்ய இயலாதிருப்பது அவர் நடிக்கின்றார் என்பதற்குச் சான்றாகாது. இமை சரிதல், இரட்டைப் பார்வை, குரல் தேய்தல் ஆகியவை மாலையில் மிகுந்து ஓய்வில் குறையுமாயின், கண் மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ விரைவில் அணுகுதல் வேண்டும்.